கோட்டோவியத்துக்கு வண்ணம் தீட்ட எந்த மென்பொருள்? ஒரே படத்தை வைத்து ஓர் ஒப்பீடு

"ஃபோட்டோஷாப்தான் கத்துக்கணுமா, சும்மா கிடைக்கிறதே போதுமா?" பேனாவில் அழகாகப் படம் போடுகிற பிள்ளைகள், கணினியில் வண்ணம் தீட்டலாம் என்று உட்கார்ந்ததும் கேட்கிற முதல் கேள்வி இதுதான். என் ஞாயிறு வகுப்பில் வாரத்துக்கு ஒருவராவது கேட்டுவிடுகிறார். கேட்பவர் கையில் இருப்பது பெரும்பாலும் பழைய மடிக்கணினி, இல்லையென்றால் ஓர் ஆண்ட்ராய்டு போன்.

இணையத்தில் தேடினால் எந்த மென்பொருளில் எத்தனை பிரஷ், எத்தனை எஃபெக்ட் என்று நீள நீளமாகப் பட்டியல் வருகிறது. புதிதாக வருபவருக்கு அதனால் பெரிய உதவி இல்லை. அவர் மாட்டிக்கொள்வது பிரஷ்ஷில் இல்லை, கோட்டில். கோட்டில் சின்னதாக ஓர் இடைவெளி இருக்கும். பக்கெட்டை (ஒரு பகுதியை ஒரே சொடுக்கில் நிறத்தால் நிரப்பும் கருவி) எடுத்துச் சொடுக்கினால் சேலையின் நிறம் அந்த வழியாக ஒழுகிப் பின்னணி முழுக்கப் பரவிவிடும். அங்கேயே பாதிப்பேர் சோர்ந்துபோகிறார்கள். அதனால் நான் சொல்வது இது: உங்கள் கோடு எப்படிப்பட்டது, படம் கடைசியில் எங்கே போகப்போகிறது, இந்த இரண்டையும் பார்த்துவிட்டு மென்பொருளைத் தேர்ந்தெடுங்கள்.

ஒப்பிடுவதற்காக ஒரே படத்தை எடுத்துக்கொண்டேன். ஏ4 தாளில் கறுப்பு ஜெல் பேனாவால் போட்டது. திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்து ஒரு பாட்டி முறத்தில் அரிசி புடைக்கிறார். சுங்குடிச் சேலை, அதில் நூற்றுக்கணக்கில் குட்டிக் குட்டிப் புள்ளி வட்டங்கள். முறத்தில் நெருக்கமான பின்னல். கொண்டையிலிருந்து பிரிந்து கிடக்கும் முடிக்கற்றைகள் எங்கேயும் போய் முட்டவில்லை, அந்தரத்தில் நிற்கின்றன. முந்தானை மடிப்புக் கோடுகளும் அப்படித்தான், பாதியில் நின்றுவிடுகின்றன. மூடிய கட்டம், தனித் தீவு, திறந்த கோடு என்று புதியவரைச் சிரமப்படுத்தும் மூன்று வகையும் இந்த ஒரே படத்தில் இருக்கின்றன.

## எதை வைத்து ஒப்பிடுவது

ஒழுகல். கோட்டில் இருக்கும் இடைவெளியை மென்பொருள் தானாக அடைத்துக்கொள்கிறதா? இதை அளந்தும் பார்க்கலாம். 600 டிபிஐ-யில் (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்தால் ஒரு மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 24 பிக்சல். தாளில் கண்ணுக்கே தெரியாத அரை மில்லிமீட்டர் இடைவெளி, திரையில் 12 பிக்சல் அகலக் கதவாகத் திறந்து கிடக்கும். 300 டிபிஐ-யில் அதே இடைவெளி 6 பிக்சல்தான்.

வெள்ளை விளிம்பு. இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் புதியவர்களின் படத்தைத் தூரத்திலிருந்தே காட்டிக்கொடுப்பது இதுதான். படத்தை 400 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, பாட்டியின் தோள்கோட்டைப் பாருங்கள். நடுவில் முழுக்கறுப்பு, வெளியே வெள்ளைத்தாள். இரண்டுக்கும் நடுவில் அடர் சாம்பல், வெளிர் சாம்பல், கிட்டத்தட்ட வெள்ளை என்று இரண்டு மூன்று பிக்சல்கள் படிப்படியாக இறங்கும். கோடு வழவழப்பாகத் தெரிவதே இந்தச் சாம்பல் பிக்சல்களால்தான். பக்கெட்டோ வெள்ளையை நிரப்பிக்கொண்டே வந்து சாம்பலைப் பார்த்ததும் நின்றுவிடும். அதனால் நிறத்துக்கும் கோட்டுக்கும் நடுவே சுண்ணாம்புக் கோடு இழுத்ததுபோல ஒரு வெள்ளை இழை மிஞ்சும். டாலரன்ஸ் அளவை (எவ்வளவு மாறுபட்ட நிறத்தையும் சேர்த்து நிரப்பலாம் என்ற அளவு) ஏற்றினால் இழை மறையும். ஆனால் முடிக்கற்றை மாதிரி மெலிந்த கோடுகளை நிறம் தாண்டிக் குதித்துவிடும். சரியான வழி, நிரப்பிய பகுதியை இரண்டு மூன்று பிக்சல் விரித்துக் கோட்டுக்கு அடியில் செருகிவிடுவது. இதை மென்பொருள் ஒரே சொடுக்கில் செய்கிறதா என்பதுதான் கேள்வி.

கோட்டைத் தாளிலிருந்து பிரிப்பது. எல்லா மென்பொருளிலும் வேலைக்கு ஆகும் எளிய வழி ஒன்று உண்டு. ஸ்கேன் செய்த படத்தை மேல் லேயரில் (கண்ணாடித்தாள்போல ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் அடுக்கு) வைத்து, அது கீழ் அடுக்கோடு கலக்கும் மோடை மல்ட்டிப்ளை என்று மாற்றினால் வெள்ளை மறைந்து கறுப்பு மட்டும் நிற்கும். அடியில் இன்னொரு லேயர் போட்டு அதில் நிறம். கோடு இருக்கும் லேயரில் நேரடியாக நிறம் போடாதீர்கள். எந்த மென்பொருளுக்கும் இது பொருந்தும்.

கையில் இருக்கும் கருவி. 600 டிபிஐ ஏ4 படம் 4960க்கு 7016 பிக்சல். ஒரு முழு லேயர் ஏறக்குறைய 139 எம்பி நினைவகத்தை எடுத்துக்கொள்ளும். பத்து லேயர் போட்டால் 1.4 ஜிபி. 4 ஜிபி ராம் உள்ள மடிக்கணினி இதிலேயே திணறிவிடும். 600-ல் ஸ்கேன் செய்து கோட்டைச் சுத்தப்படுத்திவிட்டு 300-க்கு இறக்கிக்கொண்டால் ஒரு லேயர் 35 எம்பி-தான் ஆகும்.

மூன்றாவது வருடத்தில் ஆகும் செலவு. இன்று கொடுக்கும் விலையை மட்டும் பார்க்காதீர்கள். சந்தா, ஸ்டைலஸ் (தொடுதிரைப் பேனா), விளம்பரம் பார்க்கும் நேரம் எல்லாமே செலவுக் கணக்குதான்.

படம் போகும் இடம். திரைக்கா, அச்சுக்கா? படத்தில் தமிழ் எழுத்து வருமா?

## ஜிம்ப்

இலவசம், 1996-லிருந்து இருக்கிறது. பலருக்கும் இது புகைப்படம் திருத்தும் மென்பொருளாகத்தான் தெரியும். ஆனால் 2019-ல் வந்த 2.10.10 பதிப்பிலிருந்து இதன் பக்கெட்டில் 'ஃபில் பை லைன் ஆர்ட் டிடெக்‌ஷன்' என்று ஒரு தேர்வு இருக்கிறது. பிரான்சின் கான் நகரத்து கிரேக் ஆய்வகத்தில் உருவான வழிமுறையை அடிப்படையாகக் கொண்டது. கோடுகளை முதலில் அலசி, எங்கெங்கே இடைவெளி இருக்கிறதென்று பார்த்து, கற்பனையாக அடைத்துக்கொண்டு அப்புறம்தான் நிரப்புகிறது. எத்தனை பிக்சல் வரை அடைக்கலாம் என்பதை நாமே சொல்லலாம். நிரப்பிய பகுதி கோட்டுக்கு அடியில் எவ்வளவு விரியலாம் என்றும் சொல்லலாம். ஒழுகல், வெள்ளை விளிம்பு இரண்டுக்கும் ஒரே இடத்திலேயே மருந்து.

பாட்டி படத்தில் பார்த்தேன். காதுக்குப் பின்னால் இருந்த இடைவெளியை உடனே அடைத்துவிட்டது. முறத்தின் பின்னலில் சொடுக்கியபடியே இழுத்துக்கொண்டு போனால் வழியில் இருக்கும் கட்டங்களெல்லாம் நிறைந்துகொண்டே வருகின்றன, ஒவ்வொன்றாகச் சொடுக்கத் தேவையில்லை. சேலையில் அரக்கு நிறத்தை விட்டதும் புள்ளி வட்டங்கள் மட்டும் வெள்ளையாகவே நின்றன. சுங்குடியில் புள்ளி அப்படித்தானே இருக்கும்! முந்தானை மடிப்பு மட்டும் சரிவரவில்லை. பாதியில் நிற்கும் கோடுகளை எதனோடு சேர்ப்பது என்று தெரியாமல் சேலையைத் துண்டு துண்டாக வெட்டிவிட்டது. இடைவெளி அளவைக் குறைத்துவிட்டு மறுபடி நிரப்பினேன்.

கோட்டைத் தாளிலிருந்து பிரிக்க 'கலர் டு ஆல்ஃபா' இருக்கிறது. வெள்ளையைத் தேர்ந்தெடுத்தால் தாள் கரைந்து, சாம்பல் ஓரங்கள் கெடாமல் கோடு மட்டும் நிற்கும். மல்ட்டிப்ளையைவிட இது ஒருபடி மேல். பிரித்த கோட்டுக்கே பழுப்போ நீலமோ கொடுக்கலாம்.

மறைசெலவு என்ன? நிழல் போடும்போது தெரியும். கீழ் லேயரின் எல்லைக்குள் மட்டும் நிறம் விழச் செய்யும் கிளிப்பிங், மற்ற மென்பொருள்களில் ஒரே சொடுக்கு. ஜிம்பில் அதை லேயரின் காம்போசிட் மோடுக்குள் போய்த் தேடிப்பிடிக்க வேண்டும். பிரஷ்ஷின் தொடுவுணர்வும் ஓவியர்களுக்கென்றே செய்த மென்பொருள்கள் அளவுக்கு வராது. பழைய மடிக்கணினி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மார்ச் 2025-ல் வந்த 3.0 பதிப்புக்கு விண்டோஸ் 10 வேண்டும். விண்டோஸ் 7 என்றால் 2.10-லேயே இருந்துகொள்ளுங்கள். இங்கே சொன்ன பக்கெட் வசதி அதிலேயே இருக்கிறது.

சேலைக்கு ஒரு நிறம், முறத்துக்கு ஒரு நிறம் என்று தட்டையாக நிறம் நிரப்புவதுதான் உங்கள் பாணி என்றால், மவுஸை வைத்தே வேலையை முடிக்க ஜிம்ப் போதும்.

## க்ரிட்டா

இதுவும் இலவசம். ஸ்டீம் தளத்திலும் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலும் காசு கேட்கும். அது திட்டத்துக்கு ஆதரவாகக் கொடுக்கும் பணம். க்ரிட்டாவின் சொந்தத் தளத்தில் அதே மென்பொருள் இலவசம். தெரியாமல் ஸ்டோரில் வாங்கிவிட்டவர்கள் இருக்கிறார்கள், அதனால் சொல்கிறேன்.

க்ரிட்டா ஓவியர்களுக்கென்றே செய்தது. இதன் தனிச்சிறப்பு 2018-ல் 4.0 பதிப்போடு வந்த 'கலரைஸ் மாஸ்க்'. 2009-ல் வெளியான லேஸிபிரஷ் என்ற வழிமுறை இதற்கு அடிப்படை. பக்கெட்டை மறந்துவிடுங்கள். பாட்டியின் முகத்தில் ஒரு கீற்று, சேலையில் ஒரு கீற்று, முறத்தில் குறுக்கும் நெடுக்குமாக ஒரு கீற்று, பின்னணியில் ஒரு கீற்று என்று அந்தந்த நிறத்தில் சும்மா கிறுக்கிவிட்டு அப்டேட் கொடுத்தால், ஒவ்வொரு நிறமும் எந்தக் கோடு வரை போக வேண்டும் என்று மென்பொருளே கணக்குப் போட்டு நிரப்பும். பின்னணிக் கீற்றின் நிறத்தை ஒளிபுகும் நிறம் என்று குறித்துவிட்டால் அந்த இடம் வெறுமையாகவே இருக்கும்.

திறந்த கோடுகளுக்கு இதுதான் அருமருந்து. ஜிம்பைத் திணறவைத்த முந்தானை மடிப்பு இங்கே ஒரே கீற்றில் முடிந்தது. சேலை முழுக்க ஒரே நிறம்தான் என்று நாம்தான் கீற்றால் சொல்லிவிட்டோமே, நடுவில் நிற்கும் மடிப்புக் கோடுகளை அது பொருட்படுத்தவில்லை. பென்சில் படத்துக்கும், விட்டுவிட்டு வரும் தூரிகைக் கோட்டுக்கும் இதைத்தான் நான் சொல்வேன். ஆனால் சுங்குடிப் புள்ளிகளில் நிலைமை தலைகீழ். புள்ளி வட்டத்துக்குள் தனிக்கீற்று இல்லாததால் அதையும் அரக்கு நிறத்தால் மூடிவிட்டது. ஒவ்வொரு புள்ளியிலும் வெள்ளை வைத்துக்கொண்டு வர வேண்டியதாயிற்று. ஜிம்புக்கு எளிதாக இருந்தது க்ரிட்டாவுக்குக் கடினம், க்ரிட்டாவுக்கு எளிது ஜிம்புக்குக் கடினம். உங்கள் கோடு எது என்று முதலில் பாருங்கள் என நான் வற்புறுத்துவது இதனால்தான்.

மறைசெலவு, காத்திருப்பு. பெரிய படத்தில் அப்டேட் கொடுத்ததும் கணக்குப் போட நேரம் எடுக்கும், பழைய கணினியில் இன்னும் அதிகம். 300 டிபிஐ-க்கு இறக்கிக்கொண்டு செய்யுங்கள். முடிந்ததும் மாஸ்க்கைச் சாதாரண லேயராக மாற்றி, 'ஸ்ப்ளிட் லேயர்' கொடுத்தால் ஒவ்வொரு நிறமும் தனி லேயராகப் பிரிந்துவிடும். அதன் பிறகு நிழல் போடுவது சுகம். இந்தக் கடைசிப் படியைப் பலர் தெரிந்துகொள்ளாமலே விட்டுவிடுகிறார்கள்.

ஆண்ட்ராய்டு டேப்லெட்டிலும் க்ரிட்டா ஓடும், போனுக்கு ஏற்றதல்ல. ஐபேடுக்கு இல்லை.

## ஃபோட்டோஷாப்

1990-லிருந்து இருக்கும் மூத்தது. அச்சுத்துறை முழுக்க இதைச் சுற்றித்தான் அமைந்திருக்கிறது. 2013-லிருந்து சந்தா முறை, கட்டுவதை நிறுத்தினால் மென்பொருளும் நின்றுவிடும். மாதத்தொகை சிறிதாகத் தெரியும், அதை 36-ஆல் பெருக்கிப் பாருங்கள். அந்தப் பணத்தில் நல்ல பென் டேப்லெட் (கணினியோடு இணைத்துப் பேனாவால் வரையும் பலகை) ஒன்று வாங்கிவிடலாமா என்றும் பாருங்கள். வண்ணம் தீட்டக் கற்பவருக்கு டேப்லெட்டால் கிடைக்கும் முன்னேற்றம் எந்த மென்பொருளை மாற்றினாலும் கிடைக்காது.

கோட்டோவியம் என்று மட்டும் பார்த்தால் தொடக்கநிலையாளருக்கு இதில் வேலை அதிகம். இதன் பெயின்ட் பக்கெட் இடைவெளியைக் கண்டுகொள்ளாது. பாட்டியின் காதுக்குப் பின்னாலிருந்து நிறம் அப்படியே வானம்வரை போய்விட்டது. இதில் வழக்கமான முறை வேறு: மேஜிக் வாண்டால் (ஒரே நிறமுள்ள இடத்தைத் தானே பிடிக்கும் கருவி) பகுதியைத் தேர்ந்தெடுத்து, செலக்ட் மெனுவில் எக்ஸ்பாண்ட் கொடுத்து இரண்டு பிக்சல் விரித்து, அடி லேயரில் நிரப்புவது. இடைவெளி இருக்கும் பகுதியை லாசோவால் கையாலேயே சுற்றி வளைத்து நிரப்ப வேண்டும். அமெரிக்கக் காமிக்ஸ் துறையில் இப்படித் தட்டை நிறம் போட்டுக் கொடுப்பதற்கு ஃப்ளாட்டர் என்று தனியாகவே ஆட்கள் உண்டு. அவ்வளவு உழைப்பு அதில் இருக்கிறது. எக்ஸ்பாண்டையும் நிரப்புவதையும் சேர்த்து ஓர் ஆக்‌ஷனாகப் பதிவு செய்துகொண்டால் ஒரு விசையில் முடியும்.

தமிழர்களுக்கென்று இதில் ஒரு மறைபொறி உண்டு. சற்றுப் பழைய பதிப்புகளில், படத்தில் தமிழில் தட்டச்சினால் 'கொ' உடைந்து கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். எழுத்துரு கெட்டுவிட்டதென்று நினைத்து ஆளாளுக்கு எழுத்துருவை மாற்றிப் பார்ப்பார்கள். குறை எழுத்துருவில் இல்லை. பிரிஃபரன்ஸஸில் டைப் பகுதிக்குப் போய், தெற்காசிய மொழிகளுக்கான எழுத்துப்பொறியைத் தேர்ந்தெடுங்கள். சில பதிப்புகளில் அது 'வேர்ல்ட்-ரெடி' என்ற பெயரில் இருக்கும். மாற்றிவிட்டுப் புதிதாக ஒரு எழுத்துப்பெட்டி திறந்தால் சரியாகிவிடும். ஜிம்பில் இந்தத் தொல்லை இல்லை.

பதிப்பகத்திலோ விளம்பர நிறுவனத்திலோ வேலைக்குப் போகப்போகிறீர்கள், அங்கே எல்லோரும் பிஎஸ்டி (ஃபோட்டோஷாப்பின் சொந்தக் கோப்புவகை) கோப்பில்தான் புழங்குகிறார்கள் என்றால் ஃபோட்டோஷாப் கற்றுத்தான் ஆக வேண்டும். திருட்டு நகல் மட்டும் வேண்டாம். அதை இறக்கி நச்சுநிரலை வாங்கிக்கொண்டு, வருடக்கணக்கில் போட்ட படங்களைத் தொலைத்த மாணவரைப் பார்த்திருக்கிறேன். ஜிம்பும் க்ரிட்டாவும் பக்கத்திலேயே இலவசமாக இருக்கும்போது அந்த இழப்புக்கு அவசியமே இல்லை.

## கிளிப் ஸ்டுடியோ பெயின்ட்

ஜப்பானின் செல்சிஸ் நிறுவனம் மாங்கா வரைபவர்களுக்காகச் செய்தது. அதனால் கோட்டோவியத்துக்கு வண்ணம் தீட்டுவதில் இதற்கு நிகர் குறைவு. கோடு இருக்கும் லேயரை 'ரெஃபரன்ஸ்' என்று ஒருமுறை குறித்துவிட்டால், நீங்கள் எந்த லேயரில் நிறம் போட்டாலும் எல்லையாக அந்தக் கோட்டையே எடுத்துக்கொள்ளும். பக்கெட்டிலேயே இடைவெளி மூடும் அளவும் இருக்கிறது, விரிக்கும் அளவும் இருக்கிறது.

என்னைக் கவர்ந்தவை இரண்டு சின்னக் கருவிகள். ஒன்று, சுற்றி வளைத்தால் அதற்குள் இருக்கும் மூடிய பகுதிகளையெல்லாம் நிரப்புவது. முறம் ஒரே வளையத்தில் முடிந்தது. இன்னொன்று, நிரப்பாமல் விட்டுப்போன பொடிப்பொடி இடங்களின் மேல் தூரிகை மாதிரி தேய்த்தால் அவற்றை மட்டும் நிரப்புவது. பாட்டியின் விரலிடுக்குகளிலும் கொண்டை முடிகளின் நடுவிலும் மிஞ்சிய வெள்ளைத் துணுக்குகளை வேறெந்த மென்பொருளிலும் இவ்வளவு விரைவாகத் துடைக்க முடியவில்லை.

விலையில் கவனம் தேவை. விண்டோஸ், மேக் கணினிக்கு ஒரே தடவை வாங்கும் உரிமம் உண்டு. ஐபேட், ஆண்ட்ராய்டுக்குச் சந்தாதான். ஒருமுறை வாங்கிவிட்டால் எல்லாப் புதுப் பதிப்பும் வந்துகொண்டே இருக்கும் என்று எண்ண வேண்டாம். அடுத்த பெரும் பதிப்புக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும். வருடத்தில் சில தடவை தள்ளுபடி விடுகிறார்கள், அவசரம் இல்லையென்றால் காத்திருந்து வாங்குங்கள். தொடக்கநிலைக்கு ப்ரோ என்ற வகை போதும். பல பக்கங்களை ஒரே கோப்பில் வைத்துப் படக்கதை போடுகிறவர்களுக்குத்தான் இஎக்ஸ்.

## போனிலும் ஐபேடிலும்

ஐபிஸ் பெயின்ட், போன் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு. 2011-லிருந்து இருக்கும் ஜப்பானியச் செயலி. தாளில் போட்ட படத்தைப் போனிலேயே புகைப்படம் எடுத்து உள்ளே கொண்டுவந்தால், 'கோட்டை மட்டும் பிரித்தெடுக்கட்டுமா' என்று அதுவே கேட்கும். சரி என்றால் தாள் மறைந்து கோடு நிற்கும். ஸ்கேனர் இல்லாதவர்களுக்கு இது பெரிய வரம். படத்தைச் சன்னலோரம் பகல் வெளிச்சத்தில், கையின் நிழல் விழாமல் எடுங்கள். நிழல் விழுந்த மூலை சாம்பல் புகையாக வந்து நிற்கும். பக்கெட்டில் இடைவெளியைக் கண்டுகொள்ளும் தேர்வும் விரிப்பதும் இருக்கின்றன. இலவசப் பதிப்பில் விளம்பரம் வரும், சில பிரஷ்களுக்கு விளம்பரம் பார்க்க வேண்டும். சுங்குடிப் புள்ளிகளை விரலால் தொடுவது முடியாத காரியம், குறைந்த விலை ஸ்டைலஸாவது வேண்டும்.

ப்ரோகிரியேட் ஐபேடில் மட்டும். சந்தா இல்லை, ஒரே தடவை சிறு விலை. நிறவட்டத்திலிருந்து நிறத்தைப் பிடித்து இழுத்துப் பகுதிக்குள் போட்டு, விரலை எடுக்காமல் இடவலமாக நகர்த்தினால் எவ்வளவு தூரம் பரவ வேண்டும் என்று கண்ணெதிரே மாறும். கற்க எளிது, கைக்கும் இதமாக இருக்கும். ஆனால் செலவெல்லாம் ஐபேடிலும் ஆப்பிள் பென்சிலிலும் இருக்கிறது. வீட்டில் ஏற்கெனவே இருந்தால் யோசிக்காமல் இதில் தொடங்குங்கள். இதற்காகவே ஐபேட் வாங்குவதாக இருந்தால், முதலில் ஆறு மாதம் இலவச மென்பொருளில் தீட்டிவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள்.

## ஒரே பார்வையில்

| | இடைவெளி உள்ள கோடு | கோட்டுக்கு அடியில் விரிப்பது | செலவு | எங்கே ஓடும் |
|---|---|---|---|---|
| ஜிம்ப் | பக்கெட்டே அடைக்கும் | பக்கெட்டிலேயே | இலவசம் | விண்டோஸ், மேக், லினக்ஸ் |
| க்ரிட்டா | கீற்றுமுறை, திறந்த கோட்டுக்கும் ஆகும் | தானாகவே கோடு வரை போகும் | இலவசம் | விண்டோஸ், மேக், லினக்ஸ், ஆண்ட்ராய்டு டேப்லெட் |
| ஃபோட்டோஷாப் | கையால் வளைக்க வேண்டும் | தனிப்படியாக | சந்தா | விண்டோஸ், மேக், ஐபேட் |
| கிளிப் ஸ்டுடியோ | பக்கெட்டே அடைக்கும் | பக்கெட்டிலேயே | உரிமம் அல்லது சந்தா | விண்டோஸ், மேக், ஐபேட், ஆண்ட்ராய்டு |
| ஐபிஸ் பெயின்ட் | பக்கெட்டில் தேர்வு உண்டு | பக்கெட்டிலேயே | இலவசம், விளம்பரத்தோடு | போன், டேப்லெட் |
| ப்ரோகிரியேட் | பரவும் அளவை விரலால் கூட்டிக் குறைக்கலாம் | அளவைக் கூட்டினால் வெள்ளை விளிம்பு மறையும் | ஒரே தடவை | ஐபேட் |

## அச்சுக்குப் போகும் படம் என்றால்

ஒருமுறை ஒரு சிறுவர் நூலுக்கு அட்டைப்படம் போட்டேன். பாவாடைக்குத் திரையில் பார்த்துப் பார்த்துக் கிளிப்பச்சை கொடுத்திருந்தேன். அச்சாகி வந்ததைப் பிரித்துப் பார்த்தால் பாசி படிந்த பச்சை. அச்சகத்தில் தவறில்லை. திரை ஒளியால் காட்டும் பளீர்ப் பச்சையையும் மின்னல் நீலத்தையும் சிஎம்ஒய்கே (அச்சின் சயன், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மை) மையால் கொண்டுவர முடியாது. அதைத் தெரிந்துகொள்ளாமல் நிறம் தேர்ந்தெடுத்திருந்தேன். நூலைப் போட்ட பதிப்பாளருக்கு என்னால் ஏற்பட்ட வருத்தம் இன்னும் மனதில் இருக்கிறது. அன்றிலிருந்து அச்சுக்குப் போகும் எந்தப் படத்தையும் சாஃப்ட் ப்ரூஃப் (அச்சில் நிறம் எப்படி வரும் என்று திரையிலேயே காட்டும் முன்னோட்டம்) போட்டுப் பார்க்காமல் அனுப்புவதில்லை.

ஃபோட்டோஷாப்பிலும் க்ரிட்டாவிலும் சிஎம்ஒய்கே முறையிலேயே படம் திறக்கலாம். ஜிம்ப் 3.0-ல் அந்த முறையில் நேரடியாக வேலை செய்ய முடியாது, ஆனால் சாஃப்ட் ப்ரூஃப் பார்க்கலாம், சிஎம்ஒய்கே கோப்பாக வெளியேற்றலாம். தொடக்கத்தில் ஆர்ஜிபி-யிலேயே (திரையின் சிவப்பு, பச்சை, நீல முறை) தீட்டிவிட்டு, அச்சகத்திடம் ப்ரொஃபைல் (அவர்கள் அச்சில் நிறம் வரும் விதத்தைச் சொல்லும் கோப்பு) கேட்டு வாங்கிக் கடைசியில் மாற்றுவதுதான் சுலபம்.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. ஆர்ஜிபி கறுப்பைச் சிஎம்ஒய்கே-க்கு மாற்றினால் அது நான்கு மைகளும் கலந்த கறுப்பாகிவிடும். நான்கு மைகளின் அச்சுத் தகடுகளும் ஒரு முடியளவு விலகினால் போதும், பாட்டியின் மெல்லிய முடிக்கோட்டைச் சுற்றிச் சிவப்பும் நீலமும் எட்டிப்பார்க்கும். கோட்டு லேயரைக் கடைசிவரை தனியாக வைத்திருந்தால், கறுப்பு மை மட்டும் உள்ள தகட்டில் அதை அச்சிடச் சொல்லலாம். கோட்டையும் நிறத்தையும் ஒன்றாக்கிவிட்ட பிறகு இதைச் செய்ய வழியில்லை.

## யாருக்கு எது

பழைய மடிக்கணினி, மவுஸ், பேனாவில் போட்ட மூடிய கோடுகள்: ஜிம்ப். சிக்குக்கோலம் மாதிரி வளைவெல்லாம் மூடிக்கொள்ளும் படத்துக்கு இதைவிட எளிது கிடையாது.

பென்சில் கோடு, விட்டுவிட்டு வரும் தூரிகைக் கோடு, கூடவே கணினியில் நேரடியாக வரையவும் ஆசை: க்ரிட்டா. நான் வகுப்பில் பெரும்பாலானவர்களுக்குச் சொல்வது இதைத்தான். முதல் நாள் கொஞ்சம் மலைப்பாக இருக்கும், ஒரு வாரத்தில் பழகிவிடும்.

படக்கதையாகப் பக்கம் பக்கமாகத் தீட்டப்போகிறவர், மாதத்தில் பாதி நாள் இதே வேலை என்றிருப்பவர்: கிளிப் ஸ்டுடியோவில் போடும் பணம் மிச்சமாகும் நேரத்தில் திரும்பிவிடும்.

வேலைக்காக என்றால் ஃபோட்டோஷாப், போன் மட்டும்தான் என்றால் ஐபிஸ், ஐபேட் இருந்தால் ப்ரோகிரியேட்.

இன்னும் தயக்கமா? ஒரு மாலை நேரம் ஒதுக்குங்கள். உங்கள் படங்களிலேயே சிக்கலான ஒன்றை 300 டிபிஐ-யில் வைத்துக்கொண்டு ஜிம்பிலும் க்ரிட்டாவிலும் அதே ஐந்து நிறத்தில் தீட்டுங்கள். பிறகு 400 சதவீதத்துக்குப் பெரிதாக்கி மூன்று இடங்களைப் பாருங்கள்: முடி, விரலிடுக்கு, துணி மடிப்பு. எதில் குறைவாகத் திருத்த வேண்டியிருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் கோப்பைப் பிஎஸ்டி-யாகவும் ஒரு பிரதி எடுத்து வைத்தால், பின்னாளில் வேறு மென்பொருளுக்குப் போனாலும் லேயர்கள் பெரும்பாலும் கூடவே வந்துவிடும்.